பின்னால் வளையும் முழங்கால்

கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுவது, சுண்டுவிரலைப் பின்பக்கம் 90 டிகிரி தாண்டித் தூக்குவது, முழங்கால் மடங்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிப்பது. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கிய சிலர், முப்பது வயதில் படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த வித்தைகளுக்கும், முழங்கை முழங்கால் பின்னால் வளைவதற்கும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் பெய்ட்டன் அளவுகோலில் 9க்கு எத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். பெரியவர்கள் 5 வாங்கினால் அது மூட்டுகளின் மிகை நெகிழ்வு. வலி இல்லாதவரை அது நோயும் அல்ல.

எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார்தான் லிகமென்ட். அதன் மூலப்பொருள் கொலாஜன் என்ற புரதம். பெரும்பாலும் பிறவியிலேயே இந்த நார் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுபடும். மற்றவர்களுக்குக் கால் நேரானதும் நார் இறுகி நின்றுவிடும். இவர்களுக்கு அதையும் தாண்டிக் கால் பின்னால் 10 டிகிரிக்கு மேலும் போகும்.

ஒரு சின்ன சோதனை. முழங்காலை நன்றாகப் பின்னால் தள்ளி நின்றுகொண்டு, முழங்காற்சில்லை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடும். இப்போது காலை லேசாக மடக்குங்கள். தொடை இறுகும், சில்லு அசையாது. ஆக, பூட்டிய காலில் நிற்கும்போது தொடைத்தசை ஓய்வில் இருக்கிறது. பாரம் முழுக்க நாரில் தொங்குகிறது. ஏற்கெனவே தளர்ந்த நாரில்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைத் தசையிலும் நாரிலும் உள்ள உணரிகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நெகிழ்ந்த மூட்டில் இந்தச் செய்தி மங்கலாகப் போகிறது. அதனால் கால் எல்லை தாண்டியது தெரியாமலே தாண்டிவிடுகிறது.

உடற்பயிற்சியால் இந்த நாரை இழுத்துக் கட்ட முடியாது. தசையை வளர்க்க முடியும். முன்தொடையும் பின்தொடையும் ஒரே நேரத்தில் இறுகினால் மூட்டு உறுதியாக நிற்கும். கால் பின்னால் போகாமல் பிடிக்கும் பிரேக், பின்தொடையும் கெண்டைக்கால் தசையும். தொடை உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது பிட்டத்தசை. பலர் முன்தொடையோடு நிறுத்திவிடுகிறார்கள், அது பாதி வேலைதான். இன்னும் பெரிய தவறு, "பிடிப்பாக இருக்கிறது" என்று தினமும் நீட்டி இழுப்பது. நார் செய்யாத காவலைத் தசை செய்வதால்கூட அந்தப் பிடிப்பு வரலாம். இழுத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காவலுக்கு ஆள் போய்விடும்.

சரி, எப்படித் தொடங்குவது? சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் அசையாமல் நிற்கலாம். அப்புறம் நாற்காலியில் மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக உட்கார்ந்து எழலாம். எழும்போது முழங்கால் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். வேகம் இங்கே எதிரி. எடை எதிரி அல்ல. நெகிழ்ந்த தோள்மூட்டு உள்ள 100 பேரிடம் டென்மார்க்கில் 16 வாரம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கனமான எடையைப் படிப்படியாகத் தூக்கியவர்களுக்கே லேசான பயிற்சி செய்தவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது. தசைவலி போன்ற சில்லறைத் தொல்லைகள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தோளும் முழங்காலும் ஒன்றல்ல. ஆனாலும் "உங்களுக்கு எடையே ஆகாது" என்ற பழைய எச்சரிக்கையை இது அசைத்துவிட்டது.

முதல் சில வாரங்களில் கூடும் பலம், பெரும்பாலும் நரம்பு தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பதற்கு மாதங்கள் ஆகும். பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் குறையாவிட்டால் அளவைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, சிக்கிக்கொண்டாலோ, சில்லு விலகினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பயிற்சி செய்வது நல்லது. நெகிழ்ந்த முழங்கால் உள்ளவர்களை உண்மையிலேயே நேரான காலில் நிறுத்திவைத்தால், "மடங்கியிருக்கிறதே!" என்பார்கள். அந்த உணர்வு மாறும்வரை கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.