உதவியை எப்போது கைமாற்றுவது?

மே மாதம் நெருங்கினாலே வன்னியில் பல வீடுகளில் நித்திரை குறைந்துவிடும். 2009 போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ, கடன்காரர் படலையில் நிற்கும் குடும்பமோ முதலில் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. மாதர் சங்கத் தலைவியிடமோ, ரீச்சரிடமோ, பாதரிடமோதான் வருவார்கள். கேட்டுக் கேட்டே களைத்துப்போகும் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்று வேலைகள்: பார், கேள், இணை. எங்கள் ஆட்கள் முதல் இரண்டையும் நன்றாகவே செய்வார்கள். மூன்றாவதில், அதாவது உரிய உதவியோடு சேர்த்துவிடுவதில்தான் தடங்கல்.

உங்களிடம் உதவி கேட்டு வருபவருடைய அழைப்பைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறதா? அவர் சொன்ன ஷெல்லடி உங்கள் கனவில் வருகிறதா? வீட்டுப் பிள்ளைகளில் எரிந்து விழுகிறீர்களா? அப்படியென்றால் கைமாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இருந்தால் நீங்களும் ஒருவரிடம் காட்டவேண்டும்.

அதிகம் பிழை விடுவது காசு விஷயத்தில். நுண்கடனில் கூட்டுப்பிணை என்றால் ஒருத்தி கட்டாததைக் குழுவில் மற்றவர்கள் கட்டவேண்டும். இரக்கப்பட்டு ஒரு தவணை கட்டியவர், கடைசியில் தன் தாலிக்கொடியை அடைவு வைக்கும்வரை போவார். காசு கொடுக்க வேண்டாம். கடன் புத்தகத்தை எடுத்து, முதல், வட்டி, மிச்சம் மூன்றையும் அவரைக்கொண்டே ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். பலருக்குத் தங்கள் மிச்சம் எவ்வளவென்றே தெரியாது! பிணைக் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது.

சொல்லாமல் கொள்ளாமல் போனை நிறுத்திவிடாதீர்கள். முகத்துக்கு நேரே சொல்லுங்கள்: "அக்கா, இதுக்கு மேல எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தரிட்ட நானே கூட்டிக்கொண்டு போறன்." முதல் தடவை கட்டாயம் கூடப் போங்கள், தனியே அனுப்பினால் பாதிவழியில் திரும்பிவிடுவார். பிறகு கிழமைக்கு ஒருக்கால் எட்டிப் பார்த்தால் போதும்.

சாவைப் பற்றிக் கதைப்பவரை மட்டும், இன்னொருவர் பொறுப்பெடுக்கும்வரை தனியே விடக்கூடாது. வயல் மருந்து, களைநாசினிப் போத்தல்களை உடனே வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். ஏற்கெனவே அந்த நஞ்சைக் குடித்துவிட்டார் என்றால் 1990 அம்புலன்சை அழையுங்கள். வாந்தி எடுக்கப் பண்ண வேண்டாம். போத்தலை லேபிளோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.