அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வடிவமைப்புப் பணிக்காக எங்களை நாடுவோரில் பலர், எழுத்துருப் பட்டியலில் கண்ணுக்குப் பிடித்த ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். அந்த எழுத்து எதைப் பார்த்து வரையப்பட்டது, எந்த அளவில் அச்சிடுவதற்காக வரையப்பட்டது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அலங்கார எழுத்துரு பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் பெரும்பாலும் இவ்விரு கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது.

நூலுக்கான எழுத்து அடக்கமாக இருக்க வேண்டும். தலைப்பு எழுத்தோ முதலில் தன்னைப் பார்க்க வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சுவரொட்டி விளம்பரங்கள் பெருகியபோது இந்தத் தேவை வலுத்தது. பெரிய எழுத்துகளை உலோகத்தில் வார்த்தால் எடையும் செலவும் கூடின. நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் இயந்திரத்தால் மரத்தைக் குடைந்து எழுத்துகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின், பருத்தவை, ஒடுங்கியவை, நிழல் விழுந்தவை எனப் புதுப்புது வடிவங்கள் வந்தன. தொலைவிலிருந்து படிக்கப்படும் சில சொற்களுக்காகவே அவை பிறந்தன.

கல்வெட்டிலிருந்து பிறந்தவையும் உண்டு. அடோபி மென்பொருள் நிறுவனத்துக்காகக் கரோல் ட்வாம்ப்ளி 1989இல் வரைந்த டிராஜன் என்ற எழுத்துரு, ரோம் நகரில் பேரரசர் டிராஜனுக்காகக் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட தூணின் அடிப்பீடக் கல்வெட்டைத் தழுவியது. அக்கல்வெட்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு ஈடான வடிவங்களே கிடையாது என்பதால் இந்த எழுத்துருவிலும் அவை இல்லை. திரைப்படச் சுவரொட்டியில் கம்பீரமாக நிற்கும் அதே எழுத்தில் ஒரு முழுப் பத்தியை அமைத்தால், வாசகர் எழுத்தெழுத்தாகத் தடவிப் படிக்க நேரிடும்.

நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, பிரெஞ்சு சுவரொட்டிக் கலைஞர் கசாண்ட்ர் 1929இல் வெளியிட்ட பிஃபூர் என்ற எழுத்துரு. ஓர் எழுத்தை அடையாளம் காணத் தேவையான பகுதியை மட்டும் கனத்த கருமையில் வைத்துவிட்டு, மீதியை நெருக்கமான மெல்லிய இணைகோடுகளால் அவர் உணர்த்தினார். ஒற்றைச் சொல்லாகப் பெரிதாக அச்சிட்டால் அந்தக் கோடுகள் சாம்பல் நிறமாக மிளிர்கின்றன. சிறிதாக்கினால் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எழுத்தே கறையாகிவிடுகிறது. தமிழில் ண, ஞ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைப் பருமனாக்கும்போதும் எழுத்தின் உள்ளிருக்கும் வெற்றிடம் இப்படித்தான் அடைபடும்.

எழுத்துக்குத் தூண்டுதலாக எடுத்துக்கொண்ட மரபிடம் நேர்மையாக இருப்பதும் முக்கியமானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து எழுத்து வார்ப்படச் சாலை 1883இல் வெளியிட்ட மாண்டரின் என்ற எழுத்துரு, ஆங்கில எழுத்துகளைத் தூரிகைத் தீற்றல்போல வெட்டி, அதையே சீனம் என்று காட்டியது. சீன எழுத்தின் கோட்டு ஒழுங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தப் பாணி பின்னர் ஆசிய மக்களைக் கேலி செய்யும் படங்களுடன் சேர்ந்தே பழகிப்போனதால், இன்று ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகைக்குக்கூட அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மரபை ஊன்றிக் கற்று எழுத்து வரைவது வேறு, அதன் மேல்தோலை மட்டும் உரித்து ஒட்டுவது வேறு.

ஆகவே எழுத்துருவை உறுதி செய்யும் முன், திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது இடம்பெறப்போகும் மிகச் சிறிய அளவிலேயே தாளில் அச்செடுத்துப் பாருங்கள். முகவரி அட்டை, பொட்டலத்தின் ஓரம், கைப்பேசித் திரை ஆகிய மூன்றிலும் பெயர் தடையின்றிப் படிக்கக் கிடைத்தால் அதைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகவரியையும் விவரங்களையும் எளிய எழுத்துரு ஒன்றில் அமைக்கச் சொல்லுங்கள்.