இந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்னால்

தனியார் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி நடப்பதுதான். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அல்லது ஹெச்.ஆர். கூப்பிட்டுச் சொல்வார்: நிர்வாகம் நஷ்டத்தில் ஓடுகிறது, இந்த ஆண்டு யாருக்கும் சம்பள உயர்வு கிடையாது. நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு ஆயா எல்லோரும் தலையாட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார்கள். நிர்வாகம் சொல்வது பாதிதான் சரி. மீதியை யாரும் எழுத்தில் கேட்காததால் அதுவும் சேர்ந்து ஓடிவிடுகிறது.

இன்கிரிமென்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் கேட்கலாம். 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று இருந்தால் அதன் பின்னால் அலைய வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலைக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அடிப்படை ஊதியம் ஒன்று, அகவிலைப்படி ஒன்று. சென்னை நகர விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் அகவிலைப்படி மாறும். ஆஸ்பத்திரியின் லாப நஷ்டத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கேதான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். அகவிலைப்படி ஏறியது, எனக்கும் அந்தத் தொகை ஏற வேண்டும் என்று மனு எழுதுகிறார்கள். அப்படி வராது. உங்களுக்கு ஏற்கெனவே வரும் ஊதியம், அரசு சொன்ன அடிப்படையையும் புதிய அகவிலைப்படியையும் கூட்டினால் வரும் தொகையைவிட அதிகமாக இருந்தால், தனியாக எதுவும் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1999-லேயே இதைச் சொல்லிவிட்டது. குறைந்தால்தான் வழக்கு. குறைகிறதா இல்லையா என்று தெரியாதபடிக்குத்தான் பல பே ஸ்லிப்புகள் தயாராகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பதவிக்கு அரசு சொன்ன மொத்தம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி சி.டி.சி. (உங்களுக்காக நிர்வாகம் செலவிடும் மொத்தத் தொகை) 16,380 என்கிறது, கேட்கும்போது நிறையத்தான் தெரிகிறது. பிரித்தால் அடிப்படை 11,500, வீட்டு வாடகைப்படி 2,500, போக்குவரத்து 1,000, நிர்வாகம் கட்டும் பி.எஃப். பங்கு 1,380. கடைசி மூன்றும் 'ஊதியம்' என்பதில் சேராது. (சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு மட்டும் சேரும். இங்கே தாண்டவில்லை.) ஆக மாதம் 2,500 ரூபாய் குறைகிறது. ஓவர்டைம் பணத்தையும் இந்தக் கணக்கில் நுழைப்பார்கள், விடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நர்ஸ்களுக்குக் குறைந்தது 20,000, உச்ச நீதிமன்ற உத்தரவு' என்பதை மனுவில் எழுதிவிடாதீர்கள். 2016-ல் நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் என்று குழு சொன்னது உண்மை. ஆனால் அது பரிந்துரை. கேரளம் 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பாகவே போட்டுக் கொடுத்தது. இங்கே அதை மட்டும் நம்பி மனு கொடுத்தால், அதிகாரிக்கு அதைத் திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் போதும். தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கும் மருத்துவமனை ஊதியப் பட்டியலை அச்செடுத்து, உங்கள் பதவி இருக்கும் வரியை அடிக்கோடிட்டு இணையுங்கள்.

பதவிப் பெயரிலும் விளையாட்டு உண்டு. படித்தது நர்சிங், செய்வது ஸ்டாஃப் நர்ஸ் வேலை, கடிதத்தில் 'டிரெய்னி' என்றோ 'அசிஸ்டென்ட்' என்றோ இருக்கும். நீங்கள் செய்யும் வேலையைக் காட்டும் டூட்டி ரோஸ்டர்தான் அங்கே பேசும். இன்னொன்று, சம்பளத்தை ஏற்றாமல் 'இன்சார்ஜ்' பட்டம் கொடுப்பது. வாங்கியவருக்குச் சந்தோஷம். ஆனால் மேற்பார்வை வேலை, சம்பளம் 18,000-க்கு மேல் என்றால் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் (பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக வந்தது) நீங்கள் தொழிலாளியே இல்லை என்று வாதிடுவார்கள். அப்புறம், இதுவரை கொடுத்த நைட் டூட்டி படியை நிறுத்த 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற பாதுகாப்பும் கையைவிட்டுப் போகலாம். குறைந்தபட்ச ஊதியம் மட்டும் போகாது, அது மேற்பார்வையாளருக்கும் உண்டு.

'நாங்கள் டிரஸ்ட், எங்களுக்கு அதெல்லாம் பொருந்தாது' என்பது இன்னொரு பதில். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிக்கு போனஸ் சட்டத்தில் விலக்கு உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தில் அப்படி விலக்கு இல்லை. ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம் 'கான்ட்ராக்டரைக் கேள்' என்பார்கள். கான்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரிதான் பொறுப்பு.

உயர்வு நின்ற வருஷத்தில் காலியிடத்தையும் நிரப்ப மாட்டார்கள். அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். டபுள் டூட்டிக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். 'காம்ப் ஆஃப் எடுத்துக்கோம்மா', அதாவது பணத்துக்குப் பதில் லீவு, என்பது நிர்வாகத்தின் வசதி, அந்த ஆஃபும் கிடைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ரோஸ்டரை வாராவாரம் போட்டோ எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட், ஹேண்ட் ஓவர் நோட்டு, நோயாளி பெயர் தெரியும் எதையும் எடுக்காதீர்கள். சம்பளம் கேட்டவரை நோயாளி ரகசியத்தை வெளியிட்டவர் என்று திருப்பிவிட அந்த ஒரு படம் போதும். பி.எஃப். பாஸ்புக்கையும் இறக்கி வையுங்கள். நிர்வாகப் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்திருந்தால், அதைப் பே ஸ்லிப்போடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

'உயர்வு வேண்டாம் என்று சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். சட்டப்படி வர வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

சரி, எங்கே போவது? சுகாதாரத் துறைக்கு வேண்டாம், சம்பளம் அவர்கள் வேலை இல்லை. சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலேயே மருத்துவத் துறை இயக்குநரகமும் தொழிலாளர் ஆணையர் அலுவலகமும் இருக்கின்றன. தவறான கட்டடத்தில் அரைநாள் காத்திருந்தவர்கள் நிறைய. தொழிலாளர் துறையிலும் உதவி ஆணையர்கள் மூன்று வகை: அமலாக்கம், சமரசம், சமூகப் பாதுகாப்புத் திட்டம். மூன்றாவது நலவாரிய அட்டைக்கானது, அங்கே எப்போதும் கூட்டம் இருப்பதால் எல்லோரும் அந்த வரிசையில்தான் போய் நிற்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்கு அமலாக்கம். உறையின் மேலேயே அப்படி எழுதுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-க்கு போன் செய்தாலும் மனு சுற்றி வந்து இங்கேதான் சேரும், தாமதமாக.

மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். 'வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்பது பதில் இல்லை. தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் 'பதிவு' வசதியோடு அனுப்பி, சேர்த்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: என் மனுமீது ஆய்வு நடந்ததா, எந்தத் தேதியில்? இந்தக் கேள்விக்குக் கோப்பு கொஞ்சம் நகரும்.

'பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது, விதி தெளிவாக இல்லை' என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முரணாகாத பழைய ஊதிய அறிவிப்புகள் அதிலேயே தொடர்கின்றன. உங்களுக்கு லாபமும் உண்டு: கோரிக்கைக்கான காலக்கெடு முன்பு 6 மாதம், இப்போது 3 ஆண்டு. சம்பளம் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. குறைத்த தொகையோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முயல்வார்கள்.

பெயர் போட்டு மனு கொடுக்கப் பயமாக இருந்தால், தொழிற்சங்கமோ துறை ஆய்வாளரோ உங்கள் சார்பில் தாக்கல் செய்ய இடமிருக்கிறது. கோபத்தில் ராஜினாமா மட்டும் முதலில் கொடுத்துவிடாதீர்கள், காகிதங்கள் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். விலகித்தான் ஆக வேண்டும் என்றால் வேலை முடிந்த 2 வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி முழுதும் தர வேண்டும். '45 நாள் ஆகும்' என்று ஹெச்.ஆர். சொன்னால், அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.