குடல் அழற்சி நோய்: அழலும் மரபணுவும்

மருத்துவர் சீட்டில் 'ஐ.பி.டி.' என்று எழுதுவதன் விரிவு இன்ஃபிளமேட்டரி பவல் டிசீஸ். தமிழில் குடல் அழற்சி நோய். 'குடல் வீக்க நோய்' என்றும் எழுதுகிறார்கள்; அது எனக்கு ஒப்பவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துப் பெயராக்குவது சரியாகாது.

முயல் - முயற்சி, பயில் - பயிற்சி. அப்படித்தான் அழல் - அழற்சி. அழல் என்றால் தீ. மதுரை எரிவதைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதியின் பெயரே அழற்படு காதை. இன்ஃபிளமேஷன் என்பதன் வேரான லத்தீன் வினைக்கும் தீமூட்டுதல் என்றே பொருள். கிரேக்கர் இதற்கு வைத்திருந்த ஃபிளெக்மோனே என்ற சொல்லும் 'எரி' என்ற வினையில் பிறந்ததுதான். ஆக, நேர்ச்சொல் கிடைத்துவிட்டது, புதிதாக எதையும் தேட வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் அழல் என்பது பித்தம். அழற்சி என்றதும் பித்தக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே பேசுவது, குடலில் வாழும் கிருமிகளின் மீது உடலின் நோயெதிர்ப்பு அளவு மீறிப் பாய்ந்து, அடங்காமல் நீடிப்பதை.

இன்னொரு குழப்பம் ஐ.பி.எஸ்., அதாவது இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். அதை 'எரிச்சல் குடல்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். இங்கும் எரி, அங்கும் அழல். படிப்பவர் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை. ஐ.பி.எஸ்.ஸில் குடலில் புண்ணோ இப்படிப்பட்ட அழற்சியோ தெரியாது. இர்ரிட்டபிள் என்பதற்கு 'உறுத்தல்' நெருக்கமாக இருந்திருக்கும்.

குடல் அழற்சி நோய் ஒரு குடைப்பெயர். அதன் கீழே முக்கியமாக இரண்டு: பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடிய கிரோன் நோய். கிரோன் என்பது ஆள் பெயர். 1932-இல் மூன்று பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்று நின்றன; முதலில் நின்றவர் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

சரி, மரபணுவுக்கு வருவோம். இதைப் 'பரம்பரை நோய்' என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்தச் சொல் தேவைக்கு மேல் பேசுகிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அந்த ஒற்றுமை இன்னும் குறைவு. மரபணு தருவது சாய்வு. உணவு, புகை, குடல் கிருமிகள் என்று வேறு காரணங்களும் சேர வேண்டும். அதனால் 'மரபணுச் சாய்வு' என்பதே என் தேர்வு.

2001-இல் நாட்-2 என்ற மரபணு அகப்பட்டது. பாக்டீரியாச் சுவரின் ஒரு துண்டைக் கண்டுகொள்ளும் புரதத்தை உண்டாக்குவது இது. இதில் உள்ள மூன்று மாறுபாடுகள் ஐரோப்பிய வம்சாவளியினரில் கிரோன் நோய்க்கு வலுவாகச் சாய்க்கின்றன; தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால் சாய்வு பன்மடங்கு. அப்புறம் ஜப்பானில் தேடினார்கள். அங்கே அந்த மூன்றும் ஏறக்குறைய இல்லை. சீனரிடமும் கொரியரிடமும் அப்படியே. ஆனால் நோய் அங்கும் இருக்கிறது. 2005-இல் ஜப்பானியரிடையே டி.என்.எஃப்.எஸ்.எஃப்-15 என்ற வேறொரு மரபணு கிரோன் நோயோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. கிழக்காசியரிடம் அதன் கை ஓங்கியிருக்கிறது. ஐரோப்பியரிடமும் உண்டு, பலம் குறைவு.

இதை எழுதும்போது 'பாப்புலேஷன்' என்பதை மக்கள்தொகை என்று போடுகிறார்கள். தொகை என்பது எண்ணிக்கை. மரபணு மாறுபாடு எண்ணிக்கையில் இருக்காது, மக்களிடம் இருக்கும். 'மக்கள் குழு' போதும். 'இனம்' என்றும் போடக் கூடாது: குழுக்களுக்கு நடுவே சுவர் எதுவும் இல்லை, ஒரு மாறுபாடு எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்பதுதான் கூடுகிறது, குறைகிறது. 2015-இல் ஐரோப்பியரோடு கிழக்காசியர், இந்தியர், ஈரானியர் தரவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்களில் பெரும்பாலானவை எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தன. வேறுபாடு அவற்றின் பரவலிலும் பலத்திலும் தெரிந்தது. நாட்-2 விஷயத்தை மட்டும் படித்துவிட்டு 'ஆசியருக்கு வேறு நோய்' என்று சொல்லத் தோன்றும். அது அவசரம்.

'மாறுபாடு' என்றுதான் எழுதி வருகிறேன், 'பிறழ்வு' என்று எழுதவில்லை. காரணம் உண்டு. 2006-இல் ஐ.எல்-23-ஆர் என்ற மரபணுவில் தெரிய வந்த ஒரு மாறுபாடு, அதைச் சுமப்பவருக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. காப்பாற்றுவதைப் பிறழ்வு என்றால் எப்படி? சொல்லப்போனால் இந்தக் காப்பும் ஐரோப்பியரிடம்தான் தெரிகிறது. கிழக்காசியரிடம் மிக அரிது.

இதெல்லாம் சொல்லாராய்ச்சி மட்டும் இல்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் அசாதயோப்ரின் மாத்திரை சிலருக்கு இரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதை முன்கூட்டியே அறிய டி.பி.எம்.டி. என்ற மரபணுவைச் சோதிப்பது ஐரோப்பியரிடம் பயன்பட்டது. கொரியாவில் அந்தச் சோதனையில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கே வெள்ளணு சரிந்தது. 2014-இல் காரணம் தெரிந்தது: என்.யு.டி.டி-15 என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு. கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் அது கணிசமாக உண்டு, ஐரோப்பியரிடம் அரிது. தெற்காசிய வம்சாவளி நோயாளி ஒருவர் அந்த மாத்திரையைத் தொடங்கும் முன் டி.பி.எம்.டி.யோடு இதையும் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.