நாஸ்: வலையிணைப்புச் சேமிப்பகம்

நெட்வேர்க் அட்டாச்ட் ஸ்டோரேஜ் என்பதன் முதலெழுத்துகளைக் கோத்தால் நாஸ். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் ‘நாஸ் இருக்கோ?’ என்று கேட்டால், இரண்டோ நான்கோ டிஸ்க் போடுகிற கறுப்புப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். சொல்லின் பொருளுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. சேமிப்புக் கருவி ஒரு தனிக் கணினிக்குச் சொந்தமாக இராமல் வலையமைப்பிலேயே இணைந்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் கோப்புகளைக் கொடுத்தால் அது நாஸ். அப்படிப் பார்த்தால் றவுட்டரின் யூ.எஸ்.பி துளையில் செருகிய பழைய ஹார்ட் டிஸ்க்கும் நாஸ்தான். கொஞ்சம் ஏழை நாஸ்.

1980களில் கோப்புப் பகிர்வுக்கென்றே முழுக் கணினி ஒன்றைச் சேவையகமாக ஒதுக்கி வைப்பார்கள். அந்த வேலையை மட்டும் செய்யும் தனிக்கருவிகள் வந்த பிறகு நிலைத்த பெயர் இது. றவுட்டர்வரை அது இறங்கி வரக் காரணம் சம்பா என்ற மென்பொருள். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி நெறிமுறையை மற்றக் கணினிகளும் பேசும்படி, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல் 1991இன் இறுதியில் எழுதத் தொடங்கியது. நம் சம்பா அரிசிக்கும் இதற்கும் உறவில்லை. எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைச் சொற்பட்டியலில் தேடி எடுத்த பெயர். பல றவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தின் சின்ன வடிவம் என்பதால் சம்பாவும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நெட்வேர்க்குக்குத் தமிழ்நாட்டில் ‘பிணையம்’ என்கிறார்கள். இங்கே ‘பிணை’ என்றதும் நீதிமன்ற வாசல்தான் நினைவுக்கு வரும். ‘வலையமைப்பு’ என்பதே எங்கள் வழக்கம். ‘வலைச் சேமிப்பகம்’ என்று சுருக்கினால், இணையத்தில் எங்கோ இருக்கும் மேகச் சேமிப்பு என்று ஆட்கள் நினைப்பார்கள். ‘அட்டாச்ட்’ என்ற நடுச்சொல்லை விட்டுவிடக் கூடாது, கருவியின் குணமே அதில்தான் இருக்கிறது. அதனால் என் தேர்வு ‘வலையிணைப்புச் சேமிப்பகம்’. நீளம்தான், பேச்சில் நாஸ் என்றே இருக்கட்டும்.

இணைப்பு என்ற சொல்லின் பாரம் றவுட்டரில் செருகும்போதுதான் தெரியும். யூ.எஸ்.பி 2.0 துளை முறைப்படி தரவேண்டியது 500 மில்லியம்பியர் மின்சாரம். கையடக்க டிஸ்க் சில அதற்குமேல் இழுக்கும். சுழலப் பார்த்து ‘டிக் டிக்’ என்று நின்றுவிடும். தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) போட்டால் தீரும். ஃபேட் 32 முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது; வெட்டாத கல்யாண வீடியோ பாதியில் நிற்பது அதனால்தான். கணினியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.1.1 போன்ற றவுட்டர் முகவரியைத் தட்டியும் திறக்கவில்லையா? பழைய றவுட்டர்கள் பல எஸ்.எம்.பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக விண்டோஸ் 10, 2017இன் பிற்பகுதியிலிருந்து அதைத் தானாக நிறுவுவதில்லை. அதை மறுபடி இயக்குவதைவிட றவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க வழியுண்டா என்று முதலில் பார்க்கலாம்.

நாஸைப் ‘பேக்கப்’ என்று அழைப்பவர்களும் உண்டு. அது வேறு சொல், வேறு பொருள்: காப்புப் பிரதி. படங்களின் ஒரே பிரதி றவுட்டரில் தொங்கும் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றாலே அது பழுதாகலாம்.