ஆவியில் வெந்த புட்டிங் கறுப்பது எப்படி?

பிரிட்டனின் கிறிஸ்துமஸ் புட்டிங் படத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதையும் ஆவியில்தானே அவிக்கிறார்கள்? இட்லி வெளுப்பாக வர, இது மட்டும் ஏன் கன்னங்கரேலென்று இருக்கிறது?"

முதலில் கொஞ்சம் வரலாறு. அந்தக் காலத்துப் புட்டிங்கை விலங்கின் குடலிலோ இரைப்பையிலோ அடைத்து அவித்தார்கள். ரத்தத்தில் செய்யும் பிளாக் புட்டிங்கும் ஸ்காட்லாந்தின் ஹேகிஸும் இன்றும் அந்த வகைதான். 17ஆம் நூற்றாண்டில் துணியில் மூட்டை கட்டி அவிக்கும் பழக்கம் பரவியது. குடலுக்காக ஆடுமாடு வெட்டும் நாளைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மாவு, மாட்டுக் கொழுப்பு, உலர்திராட்சை என்று இனிப்புப் புட்டிங் வளர்ந்தது. 1927இல் பிரிட்டிஷ் பேரரசின் பொருள்களுக்குச் சந்தை தேடிய எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற அரசு அமைப்பு, பேரரசின் நாடுகளில் விளைந்த பொருள்களை மட்டுமே போட்டு ஒரு கிறிஸ்துமஸ் புட்டிங் செய்முறையைப் பரப்பியது. பட்டை இந்தியா அல்லது இலங்கையிலிருந்து, கிராம்பு கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து. ஒரு கிண்ணத்துக்குள் இவ்வளவு அரசியல்!

சரி, நிறத்துக்கு வருவோம். பழுப்புச் சர்க்கரையும் திராட்சையும் ஓரளவு நிறம் தருகின்றன. மற்றது மயார் வினையின் வேலை. 1912இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மயார் விவரித்தது. சர்க்கரையும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து, பல படிகள் கடந்து, பழுப்பு நிறப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதனால்தான். ஓவனில் 150 டிகிரியில் அது நிமிடக் கணக்கில் நடக்கும். சாதாரணப் பாத்திரத்து ஆவியோ 100 டிகிரியைத் தாண்டாது. ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் வேகம் பாதியாகும் என்று தோராயமாகக் கொண்டால், இங்கே வினை 32 மடங்கு மந்தம். ஆனால் நிற்பதில்லை. இட்லியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம். புட்டிங் ஆறு, எட்டு மணி நேரம் அடுப்பிலேயே கிடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அட்வென்ட் என்னும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று கிண்டி அவித்து, வாரக்கணக்கில் எடுத்து வைக்கிறார்கள். கெடுவதில்லை, ஏனென்றால் உள்ளிருக்கும் நீரின் பெரும்பகுதியைச் சர்க்கரை பிடித்துவைத்திருக்கிறது. கிருமிகளுக்கு எட்டும் நீரை 0 முதல் 1 வரையான அளவுகோலில் குறித்தால், 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்களும், 0.8க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் வளர முடியாது. மயார் வினையோ ஏறக்குறைய 0.6க்கும் 0.8க்கும் இடையில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நீர் அதிகமானால் மூலக்கூறுகள் நீர்த்துப் பிரிந்துவிடும், மிகக் குறைந்தால் நகரவே முடியாது. கிருமிக்குப் பஞ்சமான அதே ஈரம் வினைக்கு வாய்ப்பாகிவிடுகிறது! குளிர்ந்த அலமாரியில் வெகு மெதுவாகத்தான் என்றாலும், நிறமும் மணமும் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே "பழையதுதான் ருசி" என்ற பாட்டிமார் பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. பதின்மூன்று பொருள்கள்தான் சேர்க்க வேண்டும், கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கிண்ட வேண்டும் என்று புட்டிங்குக்குச் சொல்லப்படும் சம்பிரதாயங்களுக்கு இல்லை. எப்படிக் கிண்டினாலும் வேதியியலுக்குத் திசை தெரியாது.

பரிமாறும்போது பிராந்தி ஊற்றிக் கொளுத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எரிவது ஆல்கஹாலின் ஆவி. 40 சதவீத மது சுமார் 26 டிகிரிக்கு மேல்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். டிசம்பர் மாத பிரிட்டனில் கரண்டியில் லேசாகச் சூடாக்காமல் தீக்குச்சியை நீட்டினால், குச்சிதான் எரிந்து தீரும்.