ரீட் ஒன்லிதானே என்று மவுண்ட் செய்தால்

கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) இரண்டு சர்வர்கள், இரண்டுக்கும் தெரியும்படி சான் என்ற நெட்வொர்க் சேமிப்பகத்திலிருந்து ஒரே லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் பகுதி). முதல் சர்வரில் அது ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள வால்யூமாக மவுண்ட் ஆகி (பயன்படுத்த இணைக்கப்பட்டு) டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய லாக் ஒன்றைப் பார்க்க, உடன் வேலை செய்தவர் இரண்டாவது சர்வரிலும் அதை மவுண்ட் செய்துவிட்டார். மறுநாள் டேட்டாபேஸ் எழவில்லை. "ரீட் ஒன்லியாத்தான் போட்டேன், ஒரு எழுத்துகூட எழுதல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எழுதியது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. பயன்பாட்டில் உள்ள ஈஎக்ஸ்டி4 வால்யூமில் 'மீட்பு தேவை' என்ற குறி எப்போதும் இருக்கும். இன்னொரு சர்வருக்கு அது கரண்ட் போய்ப் பாதியில் நின்ற டிஸ்க் போலத்தான் தெரியும். உடனே ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இருப்பதை டிஸ்க்கில் எழுதிச் சரிசெய்யப் பார்க்கும், ரீட் ஒன்லி என்று சொல்லியிருந்தாலும். அதைத் தடுக்க நோலோட் என்ற மவுண்ட் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் அதன் பெயர் நோரெகவரி. கொடுத்தாலும் கண்ணில் படுவது அரைகுறைத் தகவல்தான், ஏனென்றால் புதியவை முதல் சர்வரின் மெமரி கேஷில் இருக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களும் எழுதியே தீர வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போல, பூட்டுப் போட்டுப் பேசிக்கொள்ளும் ஃபைல் சிஸ்டம் வேண்டும். விண்டோஸில் சர்வர் 2008 ஆர்2 முதல் சிஎஸ்வி (கிளஸ்டர் சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் வால்யூம்) இருக்கிறது. அதில் மெட்டாடேட்டா (ஃபைல் பெயர், அளவு போன்ற விவரங்கள்) மாற்றங்களை ஒரு நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) மட்டுமே பார்த்துக்கொள்ளும். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் இவ்வளவு தேவையே இல்லை. ஒன்று விழுந்தால் மற்றொன்று எடுத்துக்கொண்டால் போதும். அதற்குச் சாதாரண ஃபைல் சிஸ்டமும், கிளஸ்டரை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் என்ற மென்பொருளும் போதுமானவை.

அப்புறம் ஃபென்சிங், அதாவது சந்தேகத்துக்குரிய நோட்டைக் கட்டாயமாக ஒதுக்கிவைப்பது. பதில் சொல்லாத நோட் செத்துவிட்டதா, நெட்வொர்க் மட்டும் போய் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதன் பவரைத் துண்டித்தாலோ டிஸ்க்கிலிருந்து வெட்டிவிட்டாலோதான் வால்யூமை நம்பி எடுக்கலாம். பேஸ்மேக்கர் ஸ்டோனித் (அதன் ஃபென்சிங் வசதி) இல்லை என்று புலம்பும்போது அதை அணைத்துவிட்டு "சரி, இப்ப ஓடுது" என்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஈஎக்ஸ்டி4 பயன்படுத்தினால் எம்எம்பி என்ற பல மவுண்ட் பாதுகாப்பை டியூன்2எஃப்எஸ் என்ற கமாண்ட் கொண்டு இயக்குங்கள். தானாக அது இயங்காது; வால்யூமை அன்மவுண்ட் செய்துதான் இயக்க முடியும். அதோடு இரண்டு சர்வர்களின் எஃப்எஸ்டேப்பையும் (பூட் ஆகும்போது எவை மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) இன்றே திறந்து பாருங்கள். கிளஸ்டர் கையாளும் வால்யூம் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் யாரும் கை வைக்காமலே அது இரண்டாவது இடத்திலும் மவுண்ட் ஆகிவிடும்.